செவலைக் கோழிக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது, நிற்கவும் தெம்பில்லை. என்ன செய்யலாம்?

தோட்டத்துவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகள் மேய்கின்றன. அதில் ஒரு செவலைப் பெட்டை, ரெண்டு வயசு இருக்கும், சமீபத்தில்தான் அடையிலிருந்து குஞ்சுகளோடு இறங்கியது. குஞ்சுகள் துறுதுறுவென்று திரிகின்றன, தாய்தான் சரியில்லை. பட்டப்பகலில் சுவரோரமாக இறகை உப்பிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் வெள்ளைக்கழிச்சலோ என்று பயந்தேன். ஆனால் மற்ற கோழிகளுக்கு ஒன்றுமில்லை, இதற்குக் கழுத்தும் திருகவில்லை. நேற்று சாயங்காலம் கம்பைத் தூவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கொத்துகிறது, ஆனால் தானியத்தில் படவில்லை. அரை விரல்கடை தள்ளி வெறும் மண்ணைக் கொத்துகிறது, மறுபடி தலையைத் தூக்குகிறது, மறுபடி மண். அதற்குள் மற்ற கோழிகள் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு இதையும் தலையில் ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகின்றன. இடது கண் பொருக்குப் பிடித்து மூடியே இருக்கிறது. வலது கண் பாதி திறக்கிறது, ஆனால் என் கையைப் பார்த்து விலகவே இல்லை. தூக்கினால் எடையே தெரியவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இது தேறாது, இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு முன்னால் அறுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பருந்து வட்டமடித்தால் குஞ்சுகளைச் செட்டைக்குள் அள்ளிக்கொண்டு எதிர்த்து நிற்கிற கோழி இது. கால்நடை மருந்தகம் தூரம், திங்கட்கிழமைதான் போக முடியும். அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்? கண் போன கோழியைப் பிழைக்க வைக்க முடியுமா?

கொடாப்புக்காரி எழுதியது:

தங்கச்சி, அறுக்கிற பேச்சே வேண்டாம். நீ சொல்வதைப் பார்த்தால் அந்தக் கோழி நோயில் சாவதற்கு முன்னால் பட்டினியில் செத்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண் தெரியாததால் தின்ன முடியவில்லை, தின்னாததால் தெம்பில்லை. அதனால் கண்ணுக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் அதன் வயிற்றைக் கவனி.

முதலில் அதைத் தனியாகப் பிரித்துவிடு. அட்டைப்பெட்டியோ பெரிய கூடையோ எடுத்து, அடியில் சாக்கு விரித்து மேலே வைக்கோல் போட்டு, காற்று நேராக அடிக்காத இடத்தில் வை. ராத்திரியில் ஒரு ஓரமாக 40 வாட் குண்டு பல்பு தொங்கவிடு, வைக்கோலில் படாமல் உயரத்தில் இருக்கட்டும், சூடு அதிகமானால் கோழி தள்ளிப் போக மறுபக்கம் இடமும் இருக்கட்டும். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். தீனி இல்லாத கோழியால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாது, அதனால்தான் உப்பிக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் தண்ணீர். தீனிக்கு முன்னால் தண்ணீர்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அதற்கு மேல் உப்பு கூடாது. மெடிக்கலில் சின்ன சிரிஞ்ச் வாங்கி ஊசியைக் கழற்றித் தூரப் போட்டுவிடு. வாயைப் பிளந்து உள்ளே பீய்ச்சாதே. நாக்குக்குப் பின்னால் நடுவில் தெரிகிற ஓட்டை மூச்சுக்குழல், அதில் தண்ணீர் போனால் அங்கேயே முடிந்துவிடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வை, அதுவே நாக்கை ஆட்டி விழுங்கும். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து, இல்லையென்றால் கேழ்வரகுக் கூழைத் தளர்வாக ஆக்கி, அதே மாதிரி ஓரத்தில் கொடு. ஒரே நேரத்தில் நிறைய வேண்டாம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம். கழுத்துக்குக் கீழே வலது பக்கம் இரைப்பையைத் தடவிப் பார். ராத்திரி நிரம்பி இருந்தது காலையில் காலியாகி இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ தண்ணீர்ப் பையாகவோ இருந்தால் தீனியை நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்.

பழைய_வெட்னரி எழுதியது:

கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே அந்த அம்மா சொன்ன முதலுதவி சரிதான், அதைத் தொடருங்கள். நான் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கண் போன கோழி வேறு, கண்ணைத் திறக்க முடியாத கோழி வேறு. நாட்டுக்கோழிகளில் குருடு என்று என்னிடம் வந்தவற்றில் பல ரெண்டாவது வகைதான். அதனால் முதலில் நல்ல வெளிச்சத்தில் மடியில் வைத்து, தலையில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். கையை ஆட்டிச் சோதிக்காதீர்கள், காற்று பட்டாலே கோழி கண்ணைச் சிமிட்டும். ஒரு சின்னப் பஞ்சுத் துண்டைச் சத்தமில்லாமல் வலது கண்ணுக்கு முன்னால் நழுவவிட்டுப் பாருங்கள், பார்வை இருந்தால் தலை கொஞ்சமாவது அசையும். டார்ச் அடித்துக் கண்பாப்பா (விழி நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) சுருங்குகிறதா என்று பார்ப்பதைப் பறவைகளில் முழுதாக நம்ப முடியாது, அந்தத் தசையைப் பறவை தன் விருப்பத்துக்கே ஓரளவு சுருக்கி விரிக்கும்.

அப்புறம் எனக்குச் சில விவரங்கள் வேண்டும். கொண்டையிலும் தாடியிலும் இமையோரத்திலும் கறுப்பாக, பழுப்பாகப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் அம்மை. பெரும்பாலும் கொசு பரப்பும், மழைக்குப் பிறகு நிறைய வரும். முகம் வீங்கி மூக்கிலிருந்து நாற்றமடிக்கிற சளி வருகிறதா? வந்தால் கோரைசா என்கிற பாக்டீரியா சளிநோய், அது சில நாளிலேயே மற்ற கோழிகளுக்கும் பரவும். வாயைத் திறந்தால் மேலண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கண்ணுக்குள் பாலாடைக்கட்டி மாதிரி திரண்ட சீழ், இவை இருந்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறையாக இருக்கலாம், அம்மையின் ஈர வகையும் வாயில் மஞ்சள் படலம் போடும். விழியின் வண்ண வளையம் சாம்பல் பூத்து, பாப்பா வட்டமாக இல்லாமல் கோணலாக இருந்தால் மாரெக்ஸ் என்கிற வைரஸ் நோய், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் வளர்கிற கோழிகளில் வருவது, ரெண்டு வயசுக் கோழிக்கு நான் அதை முதலில் நினைக்க மாட்டேன்.

இன்னொன்றை மறக்காமல் பாருங்கள். கண்ணைச் சுற்றி மிளகுத்தூள் ஒட்டியது போல் நகராத கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? அடையிலிருந்து இறங்கிய கோழி என்றீர்களே, அதனால் கேட்கிறேன்.

தோட்டத்துவீடு எழுதியது:

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். முதலில் அலகை இறுக்கிக்கொண்டது, பிறகு தானாக நாக்கை நீட்டியது. காலையில் இரைப்பை காலியாக இருந்தது, மஞ்சள் கரு கொடுத்தேன், இறங்குகிறது. எச்சம் கொஞ்சம் பச்சையாகத் தண்ணியாக இருக்கிறது.

ஐயா கேட்டதைப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன! வலது கண்ணின் கீழ் இமையோரம் வரிசையாக, கொண்டையின் அடியிலும் கொத்தாக. நான் இத்தனை நாள் அதைப் பொருக்கு என்றே நினைத்திருந்தேன், நகத்தால் தொட்டால் அசையவில்லை, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால் தெரிகிறது. கொண்டை வெளுத்துப்போய் இருக்கிறது. இடது கண்ணில் மேல் இமையில் தடித்த பழுப்புப் பொருக்கு, உள்ளே ஏதோ கெட்டியாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தாடியிலும் ரெண்டு பொருக்கு. மூக்கில் சளி இல்லை, நாற்றம் இல்லை, வாய்க்குள் சுத்தமாக இருக்கிறது. பஞ்சு போட்டதற்கு வலது கண் கொஞ்சம் அசைந்தது என்று நினைக்கிறேன்.

பழைய_வெட்னரி எழுதியது:

அப்படியானால் ரெண்டு தொல்லை சேர்ந்து வந்திருக்கிறது. வலது கண்ணில் இருப்பது ஒட்டிக்கொள்கிற தெள்ளுப்பூச்சி. மற்றத் தெள்ளு மாதிரி குதித்துக்கொண்டே இருக்காது, தலையை இறகில்லாத தோலுக்குள் புதைத்துக்கொண்டு அங்கேயே இருந்து இரத்தம் குடிக்கும். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும்தான் அதற்கு வசதி. இமை வீங்கிப் புண்ணாகி மூடிவிடும். கொண்டை வெளுத்ததற்கும் காரணம் அதுதான், இரத்தம் குறைந்துவிட்டது. இடது பக்கம் அம்மை, உள்ளே சீழ் திரண்டு கெட்டியாகி இருக்க வேண்டும்.

நடந்தது எப்படி என்றால், அடை உட்கார்ந்த 21 நாளும் கோழி நாளைக்கு ஒரு தடவை இறங்கிக் கொஞ்சம் தின்றுவிட்டு ஓடி வந்து உட்காரும். உடம்பு அப்போதே இளைத்துவிடும். மண்குளியல் போடவும் நேரம் எடுக்காது, அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிற கோழி பேனுக்கும் தெள்ளுக்கும் நல்ல வேட்டை. அதன் மேல் அம்மையும் வந்து கண் மூடியதும் தீனி நின்றுவிட்டது. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி முனையாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெள்ளு ஒட்டிய இடத்தில் வாசலினைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் கனமாகத் தடவுங்கள், விழியில் படாமல். மூச்சடைத்து அது பிடியை விடும், பிறகு நுனி தட்டையான இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கண் பக்கத்தில் பூச்சி மருந்துப் பொடி, ஸ்ப்ரே எதுவும் வேண்டவே வேண்டாம். எடுத்த இடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் விழுதாக அரைத்துத் தடவலாம், அதையும் இமைக்கு வெளியே மட்டும்.

இடது கண்ணை, ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சில் நனைத்து ஒத்தடம் கொடுத்துப் பொருக்கை ஊறவிடுங்கள். பிய்க்கக் கூடாது, ஊசியால் நோண்டக் கூடாது. உள்ளே இருக்கிற கட்டியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிய கண் சொட்டு மிச்சம் இருந்தால் அதைப் போட்டுவிடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் விழியில் இருக்கிற புண் பெரிதாகி நிஜமாகவே கண் போய்விடும். அம்மை வைரஸ், அதற்கென்று நேரடி மருந்து இல்லை. ரெண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிரும். அதுவரை கோழியை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். இந்த அம்மை மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம், ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் கோழிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மண்ணை விட்டுவிட்டால் தெள்ளு திரும்ப வரும். அது முட்டையைத் தரையில்தான் உதிர்க்கும், புழு உலர்ந்த மண்ணிலும் குப்பையிலும் வளரும். அடை வைத்த கூடையையும் வைக்கோலையும் எரித்துவிடுங்கள், பஞ்சாரம் (கோழி அடைக்கிற கூடை) கவிழ்க்கிற இடத்தில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு தூவி வெயில் படவிடுங்கள். நாய், பூனை இருந்தால் அவற்றின் காது ஓரத்தையும் பாருங்கள்.

மாடிக்கோழி எழுதியது:

மதுரையில் மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறேன். எங்களிடம் ரெண்டு கண்ணும் தெரியாத ஒரு பெட்டை இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, முட்டையும் இடுகிறது. ஒருவேளை உங்கள் செவலைக்குப் பார்வை திரும்பாவிட்டாலும் கைவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன் சகோதரி.

பழக்கம்தான் எல்லாமே. தீனிக் கிண்ணமும் தண்ணீரும் ஒரு நாளும் இடம் மாறக் கூடாது. கிண்ணம் அகலமாக, ஆழம் குறைவாக, கவிழாத கனத்தோடு இருக்கட்டும், நாங்கள் மண்சட்டி மூடியைத்தான் வைத்திருக்கிறோம். உதிரித் தானியத்தைவிட ஈரமாகப் பிசைந்த தவிடு, உடைத்த சோளம் நல்லது. எங்கே கொத்தினாலும் வாய்க்குக் கிடைக்கும். தீனி வைக்கும்போது விரலால் கிண்ணத்தில் டக் டக் என்று தட்டுங்கள், அலகைப் பிடித்து மெதுவாகத் தீனியில் தொட்டுக் காட்டுங்கள். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும். தூக்குவதற்கு முன்னால் பேசுங்கள், பேசாமல் பிடித்தால் பருந்து தூக்கியது என்று நினைத்துப் பதறிப்போகும்.

பரண் வேண்டாம், தரையிலேயே படுக்கை. சேவலோடு விடாதீர்கள். கொத்தாத சாதுவான ஒரு கோழியைத் துணைக்கு விட்டால் அது மண்ணைச் சீய்க்கிற சத்தத்தை வைத்தே இதுவும் பக்கத்தில் போய் மேயும். எங்களுடையது அப்படித்தான் மாடியை முழுக்கச் சுற்றிவருகிறது.

கொடாப்புக்காரி எழுதியது:

தேறி வரும்போது முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தீனியில் போட மறக்காதே தங்கச்சி. பப்பாளிப் பழம், பறங்கி, கேரட் எது கிடைத்தாலும் சரி, கண்ணுக்கு நல்லது. கடையில் விமரால் என்கிற வைட்டமின் சொட்டு கிடைக்கும், ஏ, டி, இ எல்லாம் இருக்கிறது, பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஊற்றாதே. சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டுவை, தெம்பு வந்ததும் அதுவே போய்ப் புரளும்.

தோட்டத்துவீடு எழுதியது:

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். திங்கட்கிழமை மருந்தகத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவர் இடது கண்ணை ஊறவைத்து இமையை விலக்கி, துவரம்பருப்பு அளவில் வெளிர் மஞ்சளான ஒரு கட்டியை அப்படியே உருட்டி எடுத்தார். கண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டும், குடிக்கிற தண்ணீரில் கலக்க ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். குடற்புழு மருந்து கேட்டேன், இந்த எடையில் வேண்டாம், தேறிய பிறகு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது பொருக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது. வலது கண் முழுதாகத் திறந்திருக்கிறது, பார்வை இருக்கிறது! கம்பைத் தூவினால் தலையைச் சாய்த்து வலது கண்ணால் பார்த்துவிட்டுச் சரியாகக் கொத்துகிறது. இடது விழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது, அதில் பார்வை திரும்புவது கஷ்டம் என்றார். ஒற்றைக் கண்ணோடு சமாளித்துக்கொள்ளும் இல்லையா? சிரிஞ்சை நிறுத்திவிட்டேன், மாடிக்கோழி சொன்ன மாதிரி கிண்ணத்தைத் தட்டிப் பழக்கியிருக்கிறேன், குஞ்சுகளும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவருகின்றன. அறுக்கச் சொன்ன மாமியாரே இப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டுவந்து தருகிறார்.

ரெண்டு கேள்வி. மறுபடி மந்தையில் எப்போது விடலாம்? முட்டை இட ஆரம்பித்தால் சாப்பிடலாமா?

பழைய_வெட்னரி எழுதியது:

மிகவும் சந்தோஷம் அம்மா. கோழிக்குக் கண் தலையின் ரெண்டு பக்கமும் இருப்பதால் ஒரு கண் போனால் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு, மற்றக் கோழிகள் அங்கிருந்துதான் வந்து கொத்தும். அதனால் நேரடியாக விடாமல், முதலில் பஞ்சாரத்துக்குள் வைத்து மந்தைக்கு நடுவில் கவிழ்த்துவையுங்கள், ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். நெஞ்செலும்பின் ரெண்டு பக்கமும் சதை பிடித்த பிறகு, சாயங்காலம் அடைகிற நேரத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்களும் எப்போதும் வலது பக்கமாகவே போய்த் தூக்குங்கள்.

முட்டை விஷயத்தில், குடிக்கக் கொடுத்த மருந்தின் பெயரை மருத்துவரிடம் காட்டி எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து மாறும். அதுவரை இடுகிற முட்டையை யாரும் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். இந்த வருஷம் அடை வைக்கவும் வேண்டாம், இரத்தம் ஊறட்டும்.

குஞ்சுகள் ஆறு ஏழு வாரம் ஆனதும் அம்மைத் தடுப்பூசி போட முடியுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள், செட்டைச் சவ்வில் குத்திப் போடுவார்கள். கழிச்சல் நோய்க்கு வருஷாவருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறையே இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது, நோய் இல்லாத கோழிகளுக்குத்தான் ஊசி போட வேண்டும், அதற்குள் செவலை தேறியிருந்தால் அதையும் கொண்டுபோங்கள். இடையில் ஏதாவது அவசரம் என்றால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் செய்யலாம்.